மாமா கடையில் சம்பளம், பங்கு, சம்பந்தம்: எதை யாரிடம், எப்போது கேட்பது?

பொருநைப்பிள்ளை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் என் ஊர். டிப்ளமா முடித்த கையோடு, திருநெல்வேலி டவுனில் என் தாய்மாமா நடத்தும் ஹார்டுவேர் கடையில் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, இப்போது இருபத்தொன்பது. கொள்முதல், பில், ஜிஎஸ்டி கணக்கு, கொத்தனார்களிடமும் பிளம்பர்களிடமும் நிற்கும் பற்றை வசூலிப்பது, கிட்டங்கி இருப்பு என்று எல்லாமே இன்று என் கையில்தான் இருக்கிறது. மாமா காலையில் வந்து கல்லாவில் உட்காருவார், மதியத்துக்கு மேல் வீட்டுக்குப் போய்விடுவார்.

எனக்குச் சம்பளம் என்று ஒரு தொகை கிடையாது. “வேண்டியதைக் கல்லாவில் எடுத்துக்கொள், எழுதி வை” என்பார். எடுத்ததை ஒரு ரூபாய் விடாமல் எழுதி வைக்கிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துணியும் கையில் ஒரு தொகையும் தருவார். என் தங்கை கல்யாணத்துக்கு ஐந்து பவுன் போட்டார். அது தாய்மாமன் சீர் என்கிறார் அம்மா. என் உழைப்பில் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது.

இப்போது வள்ளியூரில் கிளை திறக்கப் போகிறார். “நீ போய்ப் பொறுப்பெடுத்துக்கொள், அது உன் கடைதான்” என்று வாடிக்கையாளர்கள் முன்னால் சொன்னார். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இரவில் படுத்தால் தூக்கம் வரவில்லை. என் கடை என்றால் லாபம் எனக்கா? நஷ்டமும் எனக்கா? அல்லது நம்பிக்கையான ஆள் என்ற அளவில் சொன்ன வார்த்தையா?

இன்னொன்றும் இருக்கிறது. மாமாவுக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் பாளையங்கோட்டையில் பி.எட். படிக்கிறாள். மகன் கோயம்புத்தூரில் என்ஜினியரிங் படிக்கிறான். மகளை எனக்குத்தான் கொடுப்பார்கள் என்று இரண்டு வீட்டிலும் ஒரு நினைப்பு இருக்கிறது. பேச்சு எழும்போதெல்லாம் பெரியவர்கள் சிரித்துக்கொள்வார்கள். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கடையில் வேலை பார்க்கும் பையன்கள்கூட அப்படித்தான் நினைக்கிறார்கள்.

கேட்டுவிடலாம் என்றால் அம்மா தடுக்கிறார். “அண்ணனிடம் நீ கணக்குக் கேட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு அந்த வாசல்படி ஏறுவேன்?” என்கிறார். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. மாமா துணையில்தான் எழுந்து நின்றோம். அந்த நன்றி கடுகளவும் குறையாமல் இருக்கிறது. அதனால்தான் வாய் வரவில்லை. உறவு கெடாமல் இதைக் கேட்க வழி இருக்கிறதா?


கிட்டங்கித் தெருக்காரர் எழுதியது:

தம்பி, வயதில் மூத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கேட்காதே. தாய்மாமன் உறவு மற்ற உறவுகளைப் போன்றதில்லை. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அவர்தான் தகப்பன். தகப்பனிடம் எவனாவது சம்பளம் எவ்வளவு என்று கேட்பானா?

நானும் டவுனில் நாற்பது வருடமாகக் கடைத் தொழில் பார்க்கிறவன். எங்கள் காலத்தில் கடைப் பையன் வாய் திறந்து கேட்டதில்லை. காலம் வந்தபோது முதலாளியே கடை வைத்துக் கொடுப்பார். இன்றைக்குப் பெரிய கடைகளாக நிற்பவற்றில் எத்தனையோ அப்படி வந்தவை. நீ கேட்ட அன்றைக்கே, இத்தனை நாளும் இவன் மனதில் கணக்குத்தான் ஓடியதா என்று அவருக்குத் தோன்றிவிடும். அப்படித் தோன்றிவிட்டால் பிறகு எதைக் கொடுத்தாலும் மனமுவந்து கொடுத்ததாக இருக்காது.


களக்காட்டுக்காரி எழுதியது:

மாமா என்ன நினைக்கிறார், அம்மா என்ன நினைக்கிறார், கடைப் பையன்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் என்ன நினைக்கிறாள்? யாராவது அவளிடம் கேட்டீர்களா?


தாராவி அண்ணாச்சி எழுதியது:

கிட்டங்கித் தெருக்கார அண்ணாச்சி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பழைய முறையைப் பற்றி அவர் சொன்னதில் பாதிதான் வந்திருக்கிறது. மீதியை நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அந்த முறையில் வளர்ந்தவன்.

எனக்குத் திசையன்விளைப் பக்கம். பத்தாவது தவறியதும் மும்பைக்கு, தாராவியில் ஒரு பலசரக்குக் கடைக்கு அனுப்பினார்கள். நம் சீமையில் இருந்து அங்கே போனவர்கள் எத்தனை பேர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சம்பளம் கையில் வராது. முதலாளியின் பேரேட்டில் என் பெயருக்கு ஒரு பக்கம் இருக்கும். மாதாமாதம் அதில் வரவு ஏறும், சோப்பு, சினிமா, ஊருக்கு அனுப்பிய மணியார்டர் எல்லாம் பற்றில் ஏறும். ஊருக்குப் புறப்படும்போது கணக்கு முடிப்பார்கள்.

அண்ணாச்சி சொல்லாமல் விட்டது, நான் ரயில் ஏறும் முன்பே எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சு. முதலாளியும் என் அப்பாவும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் உட்கார்ந்தார்கள். வெற்றிலைத் தட்டு நடுவில் இருந்தது. மாதம் எவ்வளவு, சாப்பாடும் துணியும் யார் பொறுப்பு, காய்ச்சலில் படுத்தால் செலவு யாருடையது, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு விடுவது, கடைசி வரை நின்று உழைத்தால் பையனுக்கு என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். கடை வைத்துக் கொடுப்பதாக இருந்தால் முன்பணம் எவ்வளவு, சரக்கு கடனாகவா, அதை எத்தனை காலத்தில் அடைப்பது என்பது வரை அன்றைக்கே முடிவானது. தூணுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பையன் வாய் திறக்கவில்லை என்பது மெய். பையனுக்காக அவன் தகப்பன் வாய் திறந்தார். பொருநைப்பிள்ளைக்கு அப்படிப் பேச அப்பா இல்லை. அதனால் அவரே பேச வேண்டியிருக்கிறது. இதில் மரியாதைக் குறைவு எங்கே வந்தது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு அதே கடையில் இருந்த ஒருவருக்கும் இப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள். முதலாளி திடீரென்று காலமானார். மகன்கள் பேரேட்டைப் பார்த்து அவர் பெயரில் இருந்த தொகையைப் பைசா குறையாமல் கொடுத்தார்கள். கடை வைத்துக் கொடுக்கும் பேச்சு பற்றிக் கேட்டபோது, அப்பா எங்களிடம் அப்படி எதுவும் சொல்லவில்லையே என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அவர்களுக்குத் தெரியாது. பேச்சு நடந்த திண்ணையில் இருந்த மூவரில் ஒருவரும் அப்போது உயிரோடு இல்லை.

தம்பி, உங்கள் மாமாவுக்கு ஒரு மகன் இருக்கிறான். நாளைக்கு அவன் படிப்பு முடிந்து கடைக்கு வந்தால் நீங்கள் யார், அவன் யார் என்பதை உங்கள் மாமா ஒருவர்தான் சொல்ல முடியும். அவர் திடமாக இருக்கும்போதே சொல்ல வையுங்கள்.


கிட்டங்கித் தெருக்காரர் எழுதியது:

அண்ணாச்சி சொல்லும் திண்ணைப் பேச்சு எங்கள் பக்கமும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அது அந்நியர் வீட்டுக்குப் பையனை அனுப்பும்போது. உடன்பிறந்தவள் மகனுக்கு அதெல்லாம் எதற்கு?


முக்கூடல் மகள் எழுதியது:

ஐயா, உடன்பிறந்தவள் மகன் என்பதால்தான் கூடுதலாக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்நியர் கடையில் சரிப்படாவிட்டால் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடலாம். மாமா கடையை விட்டு அப்படிப் போக முடியுமா? போனால் அம்மாவுக்கு அண்ணன் வீடு இல்லாமல் போகும். தங்கை வளைகாப்புக்கு யார் வருவார்கள் என்ற கேள்வி வரும். போக முடியாத இடத்தில்தான் பேச்சு தெளிவாக இருக்க வேண்டும்.

என் அம்மா பீடி சுற்றினார். முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் மடியில் சுளகோடு பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஏஜெண்டு கடையில் இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பார்கள், சுற்றிய பீடியை எண்ணி வாங்குவார்கள், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. என் அம்மா மூன்றாம் வகுப்புத்தான். ஆனால் பாஸ் புத்தகத்தில் இலை எடையும் தூள் எடையும் எழுதாமல் அந்தப் பலகையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்து, எண் சரி என்றால்தான் சுளகைத் தூக்குவார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். அவர் அசைய மாட்டார். அந்த ஏஜெண்டு எங்களுக்குச் சொந்தக்காரர்தான், நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். எழுதச் சொன்னதற்காக அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வீட்டில் இருந்து சுற்றும் பெண்ணும் தொழிலாளிதான் என்று 1966-இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டமே ஏற்றுக்கொண்டது. அம்மாவுக்குச் சட்டம் தெரியாது, பாஸ் புத்தகம் தெரியும்.

அதே அம்மா என் கல்யாணப் பேச்சில் ஒரு கேள்வியும் கேட்க விடவில்லை. நான் திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். பெண் பார்க்க வந்தவர்கள் தன்மையானவர்கள். “வேலைக்குப் போவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை” என்று பொதுவாகச் சொன்னார்கள். நைட் டியூட்டிக்கும் அது பொருந்துமா, மாதத்தில் எத்தனை இரவு என்று அவர்களுக்குத் தெரியுமா, என் சம்பளத்தில் ஒரு பகுதி தம்பி படிப்புக்குப் போவது தெரியுமா, கல்யாணத்துக்குப் பிறகு எங்கே குடியிருப்பது, எதுவும் பேச்சில் வரவில்லை. “அதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும்” என்றார் அம்மா.

மாப்பிள்ளையிடம் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று நானே கேட்டேன். எங்கள் வீட்டு முற்றத்தில்தான், எல்லோரும் பார்க்கும் இடத்தில்தான் பேசினோம். மூன்றையும் கேட்டேன். அவர் உடனே எதற்கும் தலையாட்டவில்லை. எனக்கு அதுவே பிடித்தது. வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று போனார். மறுவாரம் பதில் வந்தது. இரவு வேலைக்குச் சம்மதம். தம்பி வேலைக்குப் போகும் வரை என் வீட்டுக்குப் பணம் அனுப்புவதில் தடை இல்லை. ஆனால் அவர் பெற்றோருக்கு வேறு பிள்ளை இல்லை, அதனால் கடையத்தில்தான் இருக்க வேண்டும், டவுனுக்குக் குடிவர முடியாது.

மூன்றாவது எனக்குப் பிடிக்கவில்லை. யோசித்துத்தான் ஒப்புக்கொண்டேன். இரவு வேலை முடிந்து கண் எரிய எரியக் கடையம் பஸ்ஸில் உட்காரும்போது அலுப்பு வருகிறது, அவர் மேல் கோபம் வருவதில்லை. இப்படி இருக்கும் என்று அவர் முன்பே சொல்லிவிட்டார், தெரிந்துதான் நான் வந்தேன். எனக்குத் தெரிந்த எத்தனையோ வீடுகளில் கோபத்துக்குக் காரணம் அலைச்சல் கிடையாது. அலைச்சல் இருக்கும் என்று யாரும் சொல்லாததுதான்.

களக்காட்டுக்காரி அக்கா கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை, பொருநைப்பிள்ளை அண்ணா.


பாளைக் கணக்கர் எழுதியது:

சிறு வியாபாரிகளுக்கு வரிக்கணக்கு எழுதுவது என் தொழில். உறவில் நடக்கும் கடைகளின் கணக்குகளைத் தினமும் பார்க்கிறேன். உணர்ச்சியை மற்றவர்கள் பேசிவிட்டார்கள், நான் சட்டத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் சம்பளம். சம்பளப் பாக்கி கேட்டு நீதிமன்றம் போக 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி மூன்று ஆண்டுதான் கெடு. நீங்கள் யார் மீதும் வழக்குப் போடப் போவதில்லை, எனக்குத் தெரியும். ஆனால் பேசாமல் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் பின்னால் இருக்கும் ஒரு வருட உழைப்பு சட்டத்தின் கண்ணில் கரைந்துகொண்டே போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கடைக்கு அவர் பதிவு செய்திருக்கும் ஊழியர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. இப்படி ஒரு பாதுகாப்பு இருந்தாலும், ஊழியர் என்பதற்கே ஆதாரம் இல்லாதவர் அதை எப்படிக் கேட்பார்? நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனாலும் இதே சிக்கல்தான். கல்லாவில் எடுத்து எழுதி வைத்த நோட்டை வருமானம் என்று எந்த மேலாளரும் ஏற்க மாட்டார்.

இரண்டாவது பங்கு. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். லாபத்தில் இவ்வளவு தருகிறேன் என்று சொன்னால் பங்குதாரர் ஆகிவிட்டோம் என்று நினைப்பார்கள். 1932-ஆம் ஆண்டு இந்தியப் பங்குதாரர் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வேலை பார்ப்பவர் தன் ஊதியமாக லாபத்தில் ஒரு பகுதி பெறுவதால் மட்டுமே பங்குதாரர் ஆகமாட்டார். மறுபக்கம், உண்மையிலேயே பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டால் நஷ்டத்திலும் கடனிலும் நீங்கள் உண்டு. கடை வாங்கிய கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் தன் சொந்தச் சொத்து வரை பொறுப்பு. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் உங்கள் அம்மா வீடு உங்கள் பெயரில் இருந்தால் அதுவும் இதில் வரும். பத்திரத்தில் பங்கு விகிதம் எழுதாவிட்டால் லாபமும் நஷ்டமும் சம பங்கு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பத்திரம் எழுதியும் நிறுவனத்தைப் பதிவு செய்யாமல் விட்டால் பங்குதாரர்களுக்குள் வரும் உரிமை வழக்கை நீதிமன்றம் ஏற்காது.

ஆகவே “உன் கடைதான்” என்று அவர் சொன்னதும் பங்கு கேட்டு அவசரப்படாதீர்கள். சம்பளமும், அதன் மேல் லாபத்தில் ஒரு விகிதமும், கடன் பொறுப்பு இல்லாமல் வாங்குவது உங்கள் நிலையில் பாதுகாப்பானது. சில வருடம் கிளை நின்ற பிறகு பங்குதாரர் ஆவதைப் பற்றிப் பேசலாம்.


பொருநைப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கணக்கர் ஐயா எழுதியதைப் படித்த பிறகு பயம் கூடியிருக்கிறது. பங்கு என்றால் உயர்வு என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

களக்காட்டு அக்காவுக்கு: மாமா மகளிடம் நான் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. கடைக்கு வந்தால் அத்தான் என்று கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசுவாள். அதற்கு மேல் கேட்பது முறையாக இருக்குமா என்று தயங்குகிறேன்.

எப்போது கேட்பது என்பதும் புரியவில்லை. கிளை திறந்து நான்கு மாதம் நன்றாக ஓட்டிக் காட்டிவிட்டுக் கேட்டால் மதிப்பு இருக்காதா?


சேர்மாதேவி விவசாயி எழுதியது:

ஓட்டிக் காட்டிவிட்டுக் கேட்பது என்ற யோசனையை விட்டுவிடுங்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்களுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். சென்னையில் இருக்கும் ஒருவரின் நஞ்சையைக் குத்தகைக்குப் பார்க்கிறேன். அவர் அப்பாவும் என் அப்பாவும் கூட்டாளிகள், ஒரே பள்ளிக்கூடம். பத்திரம் எதுவும் கிடையாது. பிசானப் போகத்துக்கு இத்தனை கோட்டை நெல், கார் போகத்துக்கு இத்தனை கோட்டை என்று வாய்ப்பேச்சு. பிசானத்தில் பெரும்பாலும் தகராறு வராது, வடகிழக்குப் பருவமழை கை கொடுத்துவிடும். கார் அப்படியில்லை. தென்மேற்குப் பருவமழையில் பாபநாசம் அணைக்குத் தண்ணீர் வந்தால்தான் கால்வாயில் விடுவார்கள். விடாத வருடங்கள் உண்டு. அந்த வருடம் காருக்குக் குத்தகை உண்டா இல்லையா என்று இரண்டு அப்பாக்களும் பேசி வைக்கவில்லை. அவர்களுக்குள் அது தேவைப்படவும் இல்லை, ஒருவர் முகம் பார்த்து ஒருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டார்கள். மகன்களாகிய எங்களுக்குள் அந்தப் பழக்கம் கிடையாது. அவர் வருடத்தில் ஒருநாள் வருவார், காபி குடிப்பார், போய்விடுவார்.

நான் பொறுப்புக்கு வந்ததும் சித்திரை மாதத்தில் அவரை அழைத்துப் பேசினேன். அணையில் எவ்வளவு இருக்கிறது, மழை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாத நேரம் அது. கால்வாயில் தண்ணீர் விடவே இல்லை என்றால் காருக்குக் குத்தகை இல்லை. நட்ட பிறகு தண்ணீர் நின்று பயிர் கருகினால் விளைந்ததில் பாதி. நன்றாக விளைந்தால் முழுக் குத்தகை, ஒரு மரக்கால் குறைக்க மாட்டேன். இப்படிச் சொன்னேன். அவரும் ஒரு நிபந்தனை சொன்னார், வரப்பை வெட்டித் தென்னை வைக்கக் கூடாது என்று. அது அவர் மனதில் வெகுநாளாக இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது.

இதையே பயிர் கருகிய ஆடி மாதத்தில் பேசியிருந்தால் நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று அவருக்குத் தோன்றியிருக்கும், அவர் வயிற்றில் அடிக்கிறார் என்று எனக்குத் தோன்றியிருக்கும். கிளை நன்றாக ஓடிய பிறகு நீங்கள் கேட்டால், ஓட்டம் என்னால்தான் என்று நீங்கள் சொல்வீர்கள், முதல் என்னுடையது என்று மாமா சொல்வார். ஓடாமல் போனால் கேட்கவே முடியாது. ஷட்டர் திறக்கும் முன் கேளுங்கள்.


பணகுடிக் காற்று எழுதியது:

காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். எங்கள் வேலையில் ஒரு நிலையத்தை ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது, எது அவர் பொறுப்பு, எது அவர் பொறுப்பில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் சாவி கைமாறாது. நீங்களும் மாமாவிடம் பணம் பேசும் முன் இதைப் பேசலாம், பேச எளிதாகவும் இருக்கும்.

எவ்வளவு வரை பற்று கொடுக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு? கொடுத்த பற்று வராமல் போனால் யார் கணக்கு? ஆளை வேலைக்கு எடுப்பதும் நிறுத்துவதும் யார்? சரக்கு குறைந்தால்? திருநெல்வேலி டவுனில் இருந்து வள்ளியூர் சுமார் 40 கிலோமீட்டர், தினமும் போய் வருவதா, அங்கேயே தங்குவதா, தங்கினால் வாடகை யார்? ஞாயிறு விடுமுறையா? இந்தக் கேள்விகள் எதிலும் மனம் நோக எதுவும் இல்லை. இவற்றுக்குப் பதில் சொல்லும்போதே உங்களை எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்பது அவர் வாயில் வந்துவிடும்.


முக்கூடல் மகள் எழுதியது:

பணகுடி அண்ணன் சொன்னது நல்ல தொடக்கம். அதோடு ஒன்று. சம்பளம், பங்கு, பெண் மூன்றையும் ஒரே நாளில், ஒரே மூச்சில் பேசிவிடாதீர்கள். பெண்ணைக் கொடுப்பதால் சம்பளம் எதற்கு என்று அவரோ, சம்பளம் தராததற்கு ஈடாகப் பெண் என்று நீங்களோ, ஒரு நொடி நினைத்தால்கூட அந்தப் பெண்ணுக்குப் பெரிய அவமானம். அவளிடம் பேசுவது முறையா என்று கேட்டிருந்தீர்கள். அவள் முதுகுக்குப் பின்னால் ஊரே பேசுவது முறை, நேரில் கேட்பது முறையில்லை என்றால் அது எந்த ஊர் நியாயம்? அத்தை இருக்கும்போது, கூடத்தில் வைத்தே கேளுங்கள்.


பொருநைப்பிள்ளை எழுதியது:

பேசிவிட்டேன். நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இன்னும் ஒரு முடிச்சு மிச்சம் இருக்கிறது.

முதலில் மாமா மகளிடம். அத்தை அடுக்களையில் இருந்தார், பேச்சு அவர் காதில் விழும் தூரம்தான். வீட்டில் இப்படி ஒரு நினைப்பு இருக்கிறது, உன் மனதில் என்ன என்று கேட்டேன். அவள் தயங்கவே இல்லை. “அத்தான், உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் கடைக் கணக்குப் பேசும் இடத்தில் என் பேச்சை எடுக்காதீர்கள். ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத வேண்டும். வேலைக்குப் போன பிறகுதான் கல்யாணத்தைப் பற்றி யோசிப்பேன். அப்போது உங்களுக்கும் விருப்பம் இருந்தால் நேரில் கேளுங்கள், நேரில் பதில் சொல்கிறேன்” என்றாள். அத்தை அடுக்களையில் இருந்து வெளியே வரவில்லை. எனக்கு ஏமாற்றம் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் இனி அவள் கடைக்கு வந்தால் நான் பில் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மாமாவிடம் ஞாயிற்றுக்கிழமை மதியம், கடை அடைத்த பிறகு பேசினேன். பணகுடி அண்ணன் எழுதிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பற்று அதிகாரம் பற்றிக் கேட்டதும் சுறுசுறுப்பாகி விட்டார், அவரே இரண்டு கேள்விகளைச் சேர்த்தார். பிறகுதான் என் சம்பளம் என்ன மாமா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. எழுந்து போய் இரும்பு அலமாரியில் இருந்து ஒரு பேரேட்டை எடுத்து வந்தார். அதில் என் பெயருக்கு ஒரு பக்கம் இருந்தது. சேர்ந்த மாதத்தில் இருந்தே வரவு எழுதியிருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் மாத வரவு நான் நினைத்திருந்ததைவிட மிகக் குறைவு. சேர்ந்தபோது கடைப் பையனுக்கு என்ன சம்பளமோ அதுவேதான் இன்று வரை ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்ததாக, பற்றுப் பக்கத்தில் தங்கை கல்யாணத்துக்குப் போட்ட ஐந்து பவுன், அன்றைய விலையில். “சீர் என்று பட்டும் பாத்திரமும் தனியாகச் செய்தேனே. நகை உன் உழைப்பில் போட்டது. உன் தங்கைக்கு நீ போட்டதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்” என்றார். அதில் அவருக்குத் துளியும் கள்ளம் இல்லை. என்னைப் பெருமைப்படுத்தியதாகவே நினைத்திருக்கிறார்.

கிளையைப் பொறுத்தவரை ஒரு வழிக்கு வந்துவிட்டோம். சம்பளம் வங்கியில் வரும், தொகை இருவருக்கும் சம்மதம். கிளை லாபத்தில் கால் பங்கு ஊதியமாக, கடன் பொறுப்பு அவருடையது. மைத்துனன் கடைக்கு வர விரும்பினால் அப்போது மூவரும் உட்கார்ந்து பேசுவது என்பதையும் எழுதச் சொல்லியிருக்கிறார். பழைய வருடங்களின் மாத வரவைத் திருத்துவது பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

மிச்சம் இருப்பது அம்மா. ஐந்து பவுன் பற்றில் ஏறியிருப்பதை அவரிடம் சொன்னேன். அண்ணன் போட்ட நகை என்று சம்பந்தி வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று அழுதார். இப்போது அண்ணனோடு போனில்கூடப் பேசுவதில்லை. மாமாவுக்குக் காரணம் புரியவில்லை, என்னிடம் கேட்கிறார். நான் என்ன சொல்வது?


களக்காட்டுக்காரி எழுதியது:

நீங்கள் நடுவில் நின்று எதுவும் சொல்ல வேண்டாம். அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசட்டும். “நகையை நீ போட்டதாக நான் நினைத்தேன்” என்று அம்மா தன் வாயால் அண்ணனிடம் சொல்ல வேண்டும். உங்கள் மூலமாகப் போனால் அது கணக்குத் தகராறாகத்தான் போய்ச் சேரும்.


பாளைக் கணக்கர் எழுதியது:

களக்காட்டுக்காரி சொல்வது சரி. அந்தப் பற்றை நீக்கச் சொல்லி நீங்கள் கேட்காதீர்கள். பழைய வருடங்களின் மாத வரவு சரியான தொகைக்குத் திருத்தப்பட்டால், ஐந்து பவுன் பற்றில் இருப்பதால் உங்களுக்குக் கையில் பெரிய இழப்பு வராது. உங்கள் தங்கைக்கு நீங்கள் போட்டது என்பதும் உண்மையாகவே ஆகிவிடும். அம்மாவின் மனக்குறை வேறு, அதற்குக் கணக்கில் மருந்து இல்லை.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை: உரிய முத்திரைத்தாளில் எழுதுங்கள். லாபம் என்றால் எது என்று அதில் சொல்லுங்கள். கடை வாடகை, ஆள் சம்பளம், வட்டி, வராத பற்று ஆகியவற்றைக் கழித்த பிறகா முன்பா என்பதில்தான் அடுத்த சண்டை வரும். டவுன் கடையில் இருந்து வள்ளியூருக்குப் போகும் சரக்கு கொள்முதல் விலையிலா விற்பனை விலையிலா என்பதையும் எழுதுங்கள். திறப்பு நாளுக்கு முன் இருப்பு எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.


கிட்டங்கித் தெருக்காரர் எழுதியது:

எனக்கு இன்னும் மனம் முழுதாக ஒப்பவில்லை. கேட்டதால்தானே அந்த அம்மாள் அழுகிறார் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பேரேட்டைக் கடைசி வரை நீ பார்க்காமலே இருந்து, பிற்காலத்தில் மாமன் மகன் எடுத்துக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசித்தேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வள்ளியூரில் இருப்பு எடுக்கும் நாளில் பொது ஆளாக ஒருவர் உடன் நிற்பது நல்லது. பைப், பிட்டிங்ஸ் சாமான் எண்ணுவதில் பழக்கம் உள்ளவன் என் தங்கை மகன், அங்கேதான் பஜாரில் இருக்கிறான். உன் மாமாவுக்குச் சம்மதம் என்றால் சொல், அனுப்பி வைக்கிறேன்.